கீழாநெல்லியும் கல்லீரலும்

நம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் மழை பெய்தால் வரப்போரம் தானாக முளைப்பது கீழாநெல்லி. இலைகளின் அடியில் நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாக இருப்பதால் இப்பெயர் பெற்றது. மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம்.

இச்செடியில் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு இதன் பொடியை 30 நாட்கள் கொடுத்தனர். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என 1988-இல் அறிவித்தனர். ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் இப்பலன் உறுதிப்படவில்லை.

அப்படியானால் பாட்டிமார் கண்டது பொய்யா? அன்று. அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். புகழ் செடியைச் சேரும். பித்தநாள அடைப்பால் வரும் காமாலையோ காத்திராது. ஆகவே கண் மஞ்சளித்தால் முதலில் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்வோம். கடையில் விற்கும் கல்லீரல் மாத்திரைகளையும் அவரைக் கேளாமல் உண்ணாதிருப்போம். கொதித்தாறிய நீரும், குழந்தை பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியுமே கல்லீரலின் உறுதியான காவலர்கள்.