மறதி நோயும் மாறா உறுதியும்

உழவனுக்கு நிலம் எத்தகையதோ, எழுத்தாளனுக்கு நினைவு அத்தகையது. கண்டவையும் கேட்டவையும் கற்றவையும் அந்நிலத்தில் வித்தாக விழுகின்றன. காலம் வரும்போது கதையாக விளைகின்றன. அந்நிலம் சிறிது சிறிதாகக் கரைந்துபோகும் என்று மருத்துவர் ஒருநாள் கூறிவிட்டால், எழுத்தாளன் என் செய்வான்? இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் அத்தகைய சொல்லைத் தம் 59ஆம் வயதில் கேட்டார். அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கை அறிந்து போற்றத்தக்கது.

இளமையும் எழுத்தும்

பிராட்செட் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பீக்கன்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பவர். பள்ளியைவிட ஊர்ப் பொது நூலகமே தமக்குக் கல்வி அளித்தது என்று பிராட்செட் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். 13ஆம் வயதில் அவர் எழுதிய கதை பள்ளி இதழில் வெளிவந்தது. 17ஆம் வயதில் பள்ளியை விட்டு, உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் பணியில் அமர்ந்தார். அவருடைய முதல் நாவல் 1971இல் வெளியாயிற்று.

1983இல் தொடங்கிய ‘டிஸ்க்வேர்ல்டு’ என்னும் நாவல் வரிசை அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. அக்கதைகளில் உலகம் தட்டு வடிவானது. நான்கு யானைகள் அதனைத் தாங்குகின்றன. அந்த யானைகளோ விண்வெளியில் நீந்தும் பேராமை ஒன்றின் முதுகில் நிற்கின்றன. நம் நாட்டுப் புராணங்களில் வரும் திசை யானைகளும் கூர்மமும் இதனைப் படிப்போர் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வரிசையில் அவர் 41 நாவல்கள் எழுதினார். படிப்போரை நகைக்கச் செய்து, அந்நகையின் ஊடே உலகில் நிகழும் அநீதிகளைச் சிந்திக்கவும் செய்தார். சாவினையும் ஒரு கதைமாந்தனாக ஆக்கி, அவனைப் பூனைகளிடம் அன்பு காட்டுபவனாகப் படைத்தார்.

நோயின் இயல்பு

2007ஆம் ஆண்டில் பிராட்செட் தம்மிடம் ஒரு மாறுதலைக் கண்டார். பல்லாண்டுகள் பழகிய விரல்கள் தட்டச்சு செய்கையில் தடுமாறின. எழுத்துப்பிழைகள் மிகுந்தன. முன்பு ஒருமுறை சிறு பக்கவாதம் தாக்கியிருக்கக்கூடும் என்று மருத்துவர் முதலில் கருதினர். மேலும் ஆராய்ந்தபின், அது அல்சைமர் நோயின் அரிய வகை என்பது தெளிவாயிற்று.

மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆயது. அல்சைமர் நோயில் இருவகைப் புரதங்கள் முறைகேடாகத் திரள்கின்றன. ஒன்று அணுக்களுக்கு வெளியே படிவாகப் படிகிறது. மற்றொன்று அணுக்களுக்கு உள்ளே முறுக்குண்ட இழைகளாகச் சேர்கிறது. அணுக்கள் தம்முள் செய்தி பரிமாறும் ஆற்றலை இழந்து மெல்ல மடிகின்றன. இப்படிவுகளையும் இழைகளையும் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் எடுத்துரைத்தார். அவர் ஆராய்ந்தது, 50 வயதைக் கடந்த அளவிலேயே நோயுற்ற ஒரு பெண்மணியின் மூளையாகும். முதுமையில் மிகுதியாகத் தோன்றும் இந்நோய், சிலருக்கு 65 வயதிற்கு முன்னரும் வருவதுண்டு. இதனை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் கண்டறியப்படவில்லை.

பிராட்செட்டைப் பற்றிய வகை, மூளையின் பின்பகுதியை முதலில் தாக்குவது. கண்ணில் குறையிராது, ஆயினும் கண் கண்டதை மூளை சரிவர உணராது. எதிரே உள்ள பொருள் புலப்படாது போகும். அச்செழுத்தைப் படிப்பதும் அரிதாகும். ஆனால் பேச்சும் நினைவும் தொடக்கத்தில் பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கும். கை தடுமாறினும் பிராட்செட்டிடம் சொல் எஞ்சியிருந்தது. அவர் அதனையே பற்றிக்கொண்டார்.

மறைக்காத துணிவு

மறதி நோயைப் பலர் இழிவாகக் கருதி மறைப்பர். வீட்டார் அதனைப் பற்றிப் பேசவும் கூசுவர். பிராட்செட் அவ்வாறு செய்யவில்லை. 2007 டிசம்பரில் தம் நோயைத் தாமே வாசகர்க்கு அறிவித்தார். தாம் இன்னும் எழுத எண்ணியிருப்பதையும் உடன் கூறினார். மறு ஆண்டு, அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக 10 இலட்சம் டாலர் வழங்கினார். அவர் தந்த தொகைக்கு ஈடாகத் தாமும் திரட்டுவோம் என்று வாசகர்கள் முன்வந்தனர். 2009இல் தம் நோயின் போக்கைக் காட்டும் தொலைக்காட்சிப் படத்திலும் தோன்றினார்.

தட்டச்சு இயலாதபோது அவர் எழுத்தை நிறுத்தவில்லை. வாயால் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதினார். பேச்சை எழுத்தாக்கும் கணினியையும் பழக்கிக்கொண்டார். 2010இல் நிகழ்த்திய சிறப்புச் சொற்பொழிவில், தாம் முன்னுரை மட்டும் கூறி, எஞ்சிய பகுதியை நண்பரும் நடிகருமான டோனி ராபின்சனைப் படிக்கச் செய்தார். தம் எழுத்தைத் தாமே படிக்க இயலாமை துயரந்தான். எனினும் அதனை அவர் பலர் முன்னிலையில் ஒளிக்கவில்லை. நோய் வெளிப்பட்ட பின்னரும் அவருடைய நாவல்கள் ஐந்துக்கு மேல் வெளிவந்தன.

இறுதி நாட்கள்

நோய் தன் வழியே சென்றது. 2014இல் தம் வாசகர் கூடிய விழாவிற்கும் அவரால் செல்ல இயலவில்லை. 2015 மார்ச் 12ஆம் நாள், 66ஆம் வயதில் காலமானார். இறுதி நாவல் அதன் பின்னரே வெளிவந்தது. முற்றுப்பெறாத தம் எழுத்துகள் வெளிவரலாகாது என்று அவர் விரும்பியிருந்தார். அவ்விருப்பப்படி, அவை அடங்கிய கணினித் தகடு 2017இல் சாலை சமன் செய்யும் பழைய நீராவி உருளை ஒன்றின் அடியில் இட்டு நசுக்கப்பட்டது. எந்தச் சொல் வாசகரை அடைய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையை அவர் நோய்க்கு விட்டுக்கொடுக்கவில்லை.

பிராட்செட் நோயை வென்றார் என்று கூறுதல் பொருந்தாது. அதனை அவர் மறைக்கவில்லை. அதற்கு அஞ்சித் தம் கடமையை இடைவழியில் கைவிடவும் இல்லை. ஒரே வினாவைப் பன்முறை வினவும் முதியவரும், பழகிய முகத்தை மறந்து திகைக்கும் மூதாட்டியும் எந்நாட்டிலும் உளர். அவர்களை எள்ளாமல், பொறுமையோடு விடை கூறுதல் நம் கடன். அவர்தம் நோய் நாணத்தக்கதன்று என்பதைப் பிராட்செட்டின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.