தேத்தண்ணீரும் சீனியும்

மலேசியாவில் வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறிற்று. அவர்களுள் ஐந்தில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். அவர்களும் நம் கடைக்கு வந்து அமர்கின்றனர்.

100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு, 2019 ஜூலை முதல் தேதி தொட்டு, அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. அது ஆலைச் சரக்குக்கு. நாம் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அவ்வரி கிடையாது. அங்கே அளவு நம் கரண்டியில்தான் இருக்கிறது. கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனியே. அதன்மேல் சீனியும் எதற்கு? ருசிக்கென்பார்கள். நல்ல தூளில் சாயம் கெட்டியாக இறங்கினால் ருசி தானே வரும். மட்டத் தூளுக்குத்தான் சீனியின் துணை அதிகம் வேண்டும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமாயின் மேலும் நலம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015இல் சொன்ன கணக்கு. "குராங் மானிஸ்" என்று கேட்டவருக்கு மட்டும் குறைப்பதை விட்டு, குறைந்த இனிப்பையே கடை வழக்கமாக்கி, வேண்டுவோர்க்குச் சீனியைத் தனியே வைத்தாலென்ன? வாடிக்கை போய்விடுமென்ற அச்சம் நியாயமானதே. ஒரேயடியாக வேண்டாம், வாரா வாரம் சிறிது குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். நோன்பு திறக்கக் கலக்கும் சர்பத்துக்கும் இதே கணக்குத்தான்.