5 ஆட்டம், ஒரே சீட்டு: 247 ரிங்கிட்டின் கணக்கு

மாணவர்களே, பெரிய காற்பந்துப் போட்டிகள் தொடங்கினால் கைப்பேசிகளில் ஒரு வகைப் படம் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் 5 ஆட்டங்களின் முடிவுகளை ஒரே சீட்டில் கணித்து, 10 ரிங்கிட் கட்டி, 247 ரிங்கிட் பெற்ற ரசீது அது. "பத்து வெள்ளிக்கு இவ்வளவா!" என்று வகுப்பிலும் பேச்சு எழும். அந்த 247 எங்கிருந்து வருகிறது? ரசீதில் அச்சாகாத இன்னோர் எண்ணும் இருக்கிறது. அது என்ன? இரண்டையும் இவ்வாரம் கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியில் படிவம் 4 கணிதத்தில் 'கெபாராங்காலியான் பெரிஸ்திவா பெர்காபோங்' என்று நீங்கள் படிக்கும் கூட்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு பாடமே இதற்குப் போதும்.

முதலில் சட்டம். நம் நாட்டில் குதிரைப் பந்தயமும் நாலு நம்பர் குலுக்கலும் அரசாங்க உரிமத்தோடு நடக்கின்றன. 1886இல் தொடங்கிய பேராக் டர்ஃப் கிளப் ஈப்போவில் இருப்பதை அவ்வட்டார மாணவர்கள் அறிவார்கள். காற்பந்துப் பந்தயத்திற்கு அப்படி உரிமம் இல்லை. உரிமம் தரும் யோசனை 2010இல் எழுந்தது. கடும் எதிர்ப்பு வந்ததால் அரசாங்கம் அதைக் கைவிட்டது. 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டுவது குற்றம். கைப்பேசியில் கட்டினாலும் குற்றம் குற்றமே.

எப்போது பெருக்கலாம்?

குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ நகருக்கு மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவர், வழியில் 5 சமிக்ஞை விளக்குகளைக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விளக்கும் பச்சையாக இருப்பதற்கான நிகழ்தகவு 1/2 என்றால், ஐந்தும் பச்சையாகக் கிடைக்கும் நிகழ்தகவு:

1/2 × 1/2 × 1/2 × 1/2 × 1/2 = 1/32

இப்படிப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு விளக்கு இன்னொரு விளக்கைப் பாதிக்கக் கூடாது. அதாவது, அவை சார்பற்ற நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். விளக்குகளின் நேரத்தை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தால், முதல் பச்சை கிடைத்தவருக்கு அடுத்ததும் பச்சையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே வெறும் பெருக்கல் தவறான விடை தரும்.

காற்பந்திலும் இதே கதைதான். இரண்டு வெவ்வேறு ஊர்களில் நடக்கும் ஆட்டங்களைச் சார்பற்றவை எனக் கொள்ளலாம். ஆனால், 'இடைவேளையில் முன்னிலை', 'இறுதியில் வெற்றி' என்று ஒரே ஆட்டத்தில் இரண்டைக் கணித்தால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால்தான் அத்தகைய இணைப்புக்குப் பந்தய நிறுவனங்கள் வெறுமனே பெருக்காமல், குறைந்த விகிதம் தருகின்றன.

மலாய் முறை விகிதம்

கட்டிய ஒரு ரிங்கிட்டுக்கு எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்வது பந்தய விகிதம். இதை எழுதப் பல முறைகள் உண்டு. அவற்றுள் ஒன்றை உலகமெங்கும் 'மலாய் முறை' என்றே அழைக்கிறார்கள்.

மலாய் முறையில் 0.90 என்றால், ஒரு ரிங்கிட் கட்டி வென்றவருக்கு 90 சென் லாபம். கட்டிய ரிங்கிட்டும் திரும்புவதால் கையில் வருவது 1.90 ரிங்கிட். −0.80 என்றால், ஒரு ரிங்கிட் லாபம் பெற 80 சென் கட்ட வேண்டும். ஒரு ரிங்கிட்டுக்கு இது 1 + (1 ÷ 0.80) = 2.25 ஆகும்.

ஆட்டங்களை இணைக்கும்போது லாபத்தைப் பெருக்கக் கூடாது. திரும்பி வரும் மொத்தத்தைத்தான் பெருக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் வந்த முழுத் தொகையும் அப்படியே இரண்டாம் ஆட்டத்தில் கட்டப்படுகிறது என்பதே இதற்குக் காரணம். ஆகவே 0.90ஐ முதலில் 1.90 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

247 வரும் வழி

ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் விகிதம் 1.90, கட்டிய தொகை 10 ரிங்கிட்.

10 × 1.90 = 19.00
19.00 × 1.90 = 36.10
36.10 × 1.90 = 68.59
68.59 × 1.90 = 130.32
130.32 × 1.90 = 247.61

சென்னைச் சுருக்காமல் கணக்கிட்டாலும் விடை 247.61 ரிங்கிட்தான். இதில் 10 ரிங்கிட் கட்டியவருடைய பணம், லாபம் 237.61. ஐந்தில் ஒன்று தவறினாலும் கிடைப்பது பூஜ்யம்.

அச்சாகாத எண்

இரு அணிகளும் சம பலம், சமநிலை முடிவு இல்லை என்று கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போன்றது. நியாயமான விகிதம் 2.00 ஆக இருக்க வேண்டும். கொடுப்பதோ 1.90. அந்த 10 சென் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது அல்லவா?

இப்போது 32 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பைக் கற்பனை செய்யுங்கள். ஐந்து ஆட்டங்களின் முடிவுகள் 2 × 2 × 2 × 2 × 2 = 32 விதமாக அமையலாம். ஆளுக்கு ஒரு விதம் எனப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் 10 ரிங்கிட் கட்டுவதாகக் கற்பனை செய்வோம்.

கட்டிய மொத்தப் பணம்: 32 × 10 = 320 ரிங்கிட்
வென்றவர்: ஒருவர் மட்டும்
அவருக்குக் கிடைத்தது: 247.61 ரிங்கிட்
பந்தயம் நடத்துபவரிடம் தங்கியது: 72.39 ரிங்கிட்

எந்த அணி வென்றாலும் இந்தக் கணக்கு மாறாது. 247.61ஐ 32ஆல் வகுத்தால் 7.74 வரும். கட்டிய 10 ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது இவ்வளவுதான். இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். ரசீதில் 247.61 அச்சாகும், 7.74 அச்சாகாது. வென்ற ஒருவர் தம் ரசீதைப் படம் பிடித்து அனுப்புவார்; தோற்ற 31 பேர் அனுப்ப மாட்டார்கள்.

ஆட்டம் கூடக் கூட என்ன ஆகிறது?

ஒவ்வோர் ஆட்டத்திலும் 1 ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 1.90 × 1/2 = 0.95. அதாவது 5 சென் கழிகிறது. ஆட்டங்களை இணைக்கும்போது இந்தக் கழிவும் சேர்ந்து பெருகுகிறது. 10 ரிங்கிட் கட்டினால்:

1 ஆட்டம்: வென்றால் 19.00, வாய்ப்பு 2இல் 1, சராசரி 9.50
2 ஆட்டம்: வென்றால் 36.10, வாய்ப்பு 4இல் 1, சராசரி 9.03
3 ஆட்டம்: வென்றால் 68.59; வாய்ப்பு 8இல் 1; சராசரி 8.57
5 ஆட்டம்: வென்றால் 247.61, வாய்ப்பு 32இல் 1, சராசரி 7.74
8 ஆட்டம்: வென்றால் 1,698.36, வாய்ப்பு 256இல் 1, சராசரி 6.63
10 ஆட்டம்: வென்றால் 6,131.07, வாய்ப்பு 1,024இல் 1, சராசரி 5.99

'வென்றால்' என்ற எண் ஏற ஏற, 'சராசரி' என்ற எண் இறங்குவதைக் கவனியுங்கள்.

இதை நாலு நம்பரோடு ஒப்பிடலாம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். 'பெரிய' வகையில் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. கூட்டினால் 6,400 ரிங்கிட். எல்லா எண்களையும் ஒரு ரிங்கிட் வீதம் வாங்க 10,000 ரிங்கிட் வேண்டும். ஆக, 10 ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 6.40. 'எனக்குக் காற்பந்து தெரியும். நாலு நம்பர்போல இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை' என்பவர், சம பலமுள்ள அணிகளின் 10 ஆட்டங்களை இணைத்தால் நாலு நம்பரைவிடக் குறைவாகவே பெறுகிறார்.

'ஒன்று தவறினாலும் பரவாயில்லை' சீட்டு

நான்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எல்லா விதமாகவும் இணைக்கும் சீட்டும் உண்டு. எத்தனை இணைப்புகள்? இரண்டிரண்டாக 6, மும்மூன்றாக 4, நான்கும் சேர்ந்து 1, மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் 1 ரிங்கிட் என்றால் செலவு 11 ரிங்கிட். விகிதம் எல்லாவற்றுக்கும் 1.90 என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு ஆட்டங்களின் முடிவுகள் 16 விதமாக அமையும். கணிப்பில் எத்தனை சரி என்று பார்த்தால்:

எதுவும் சரியில்லை அல்லது ஒன்று சரி (5 விதம்): கிடைப்பது 0
இரண்டு சரி (6 விதம்): 3.61
மூன்று சரி (4 விதம்): 3 × 3.61 + 6.86 = 17.69
நான்கும் சரி (1 விதம்): 62.13

பாதி சரியாகக் கணித்தவரும் 11 கட்டி 3.61தான் பெறுகிறார். 16இல் 11 விதங்களில் நட்டம். சராசரியாகத் திரும்புவது 9.66 ரிங்கிட்.

"ஒரே ஓர் ஆட்டத்தில் போச்சு!"

ஐந்து ஆட்டச் சீட்டில் நான்கு சரியாகி, ஒன்று தவறும் வாய்ப்பு 5/32. முழுவதும் சரியாகும் வாய்ப்பைவிட இது ஐந்து மடங்கு. எனவே "ஒன்றில்தான் தவறியது, அடுத்த முறை நிச்சயம்" என்று பேசுபவர்கள் எப்போதும் வெற்றியாளர்களைவிட அதிகமாகவே இருப்பார்கள். அது திறமை நெருங்கி வருவதன் அடையாளம் அன்று, கணக்கின் இயல்பு. அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி, பிறகு வட்டி முதலைகளிடம் சிக்கும் கதைகளை நம் வட்டாரத்தில் கேட்டிருப்பீர்கள்.

உண்மையிலேயே திறமையாகக் கணிப்பவர் இருக்க முடியாதா? முடியும். ஆனால் 1.90 விகிதத்தில் நட்டமில்லாமல் நிற்கவே 1 ÷ 1.90, அதாவது 52.6 விழுக்காடு சரியாகக் கணிக்க வேண்டும். 55 விழுக்காடு சரியாகக் கணிப்பவருக்கும் ஐந்தும் சரியாகும் வாய்ப்பு 5 விழுக்காடுதான். 100 சீட்டில் ஏறத்தாழ 95 தோல்வி.

வீட்டிலோ நண்பர்களிடையேயோ யாரேனும் இதில் சிக்கித் தவித்தால், நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். தாலியான் காசே 15999 எண்ணுக்கும் அழைக்கலாம்.

பயிற்சி

1. விகிதம் 1.90 வீதம் 6 ஆட்டங்களை இணைத்து 10 ரிங்கிட் கட்டினால், வென்றால் கிடைப்பது எவ்வளவு? அணிகள் சம பலம் என்றால் சராசரியாகத் திரும்புவது எவ்வளவு?

2. ஓர் ஆட்டத்தில் வெற்றி, சமநிலை, தோல்விக்கு விகிதங்கள் 2.40, 3.20, 2.80. ஒவ்வொன்றாலும் 1ஐ வகுத்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1ஐத் தாண்டுவது எதைக் காட்டுகிறது?

3. மூன்று ஆட்டங்களை எல்லா விதமாகவும் (இரண்டிரண்டாகவும் மூன்றும் சேர்ந்தும்) இணைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 ரிங்கிட் கட்டினால் செலவு எவ்வளவு? விகிதம் 1.90, இரண்டு சரியானால் லாபமா, நட்டமா?

விடைகள்

1. 470.46 ரிங்கிட், 64ஆல் வகுத்தால் 7.35 ரிங்கிட்.

2. 0.417 + 0.313 + 0.357 = ஏறத்தாழ 1.086. நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1ஆகவே இருக்க வேண்டும். கூடுதலாக உள்ள பகுதி பந்தயம் நடத்துபவரின் பங்கு. விகிதங்கள் மூன்றும் ஒரே அளவில் குறைக்கப்பட்டிருந்தால், 1 ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 1 ÷ 1.086, அதாவது 92 சென்.

3. இணைப்புகள் 3 + 1 = 4; செலவு 4 ரிங்கிட். கிடைப்பது 3.61. நட்டம் 39 சென்.