அசையாமைக்கு எத்தனை சொற்கள்?

மேசைமேல் புத்தகம் அசையாமல் இருக்கிறது. குட்டையில் நீர் தேங்கி நிற்கிறது. மண்ணுக்குள் விதை முளைக்காமல் கிடக்கிறது. இந்த மூன்றும் ஒரே அசையாமையா? இல்லை. அதனால்தான் தமிழில் 'இருக்கிறது', 'நிற்கிறது', 'கிடக்கிறது' என்று வேறு வேறாகச் சொல்கிறோம்.

ஆங்கிலத்திலும் அசையாமைக்குப் பல சொற்கள் உண்டு. சிறிய அகராதிகள் பலவற்றில் எல்லாவற்றுக்கும் 'அசைவற்ற' என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் விடையே தவறாகிவிடும். சரியான சொல்லைத் தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் உதவும்.

எதைப் பொறுத்து அசையவில்லை?

இயற்பியலில் வரும் 'ரெஸ்ட்' என்ற சொல்லுக்கும் களைப்புக்கும் தொடர்பில்லை. சுற்றுப்புறத்தைப் பொறுத்து ஒரு பொருளின் இடம் மாறாவிட்டால் அது 'அட் ரெஸ்ட்'. 'இன் ரெஸ்ட்' என்று எழுதக் கூடாது. ஓடும் ரயிலில் உட்கார்ந்திருப்பவர் பெட்டியைப் பொறுத்து ஓய்வு நிலையில் இருக்கிறார். பிளாட்பாரத்தைப் பொறுத்து விரைந்து செல்கிறார்.

'ஸ்டேஷனரி' என்றால் நின்ற இடத்திலேயே நிற்பது. சாலையில் நிற்கும் லாரி இதற்கு உதாரணம். 'ஜியோஸ்டேஷனரி' துணைக்கோள் இன்னும் நல்ல உதாரணம். அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. வேகத்தில் பறக்கிறது! பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிப்பதால், நமக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது.

எழுத்திலும் கவனம் தேவை. நிற்பதைக் குறிக்கும் சொல் 'ஏ-ஆர்-ஒய்' என்று முடியும். நோட்டு, பேனா முதலியவற்றைக் குறிக்கும் சொல் 'ஈ-ஆர்-ஒய்' என்று முடியும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையே. ஊர் ஊராகத் திரியாமல், நிலையான கடை வைத்து விற்றவருக்கு அந்நாளில் அப்பெயர் வழங்கியது.

எதனால் அசையவில்லை?

கனமான பீரோவைத் தள்ளிப் பாருங்கள். நகரவில்லை என்றால், உங்கள் விசையை உராய்வு விசை சரிசமமாக எதிர்த்து நிற்கிறது என்று பொருள். இந்த உராய்வுக்கு 'ஸ்டேடிக்' என்ற அடைமொழி உண்டு. இங்கே அசைவுதான் இல்லை, விசைகள் இருக்கின்றன. அவ்வாறே, உலர்ந்த தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதற்குக் காரணமான மின்னூட்டம் கம்பியில் போல ஓடாமல் சீப்பிலேயே தங்குகிறது. அதுவும் 'ஸ்டேடிக்' மின்சாரமே.

'இனர்ஷியா' என்ற லத்தீன் சொல்லுக்குச் சோம்பல் என்பது பொருள். இயக்கத்தை எதிர்க்கும் பொருள்களின் இயல்புக்குக் கெப்ளர் இப்பெயரை இட்டார். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில், சீராக இயங்கும் பொருளும் அந்த இயக்கத்திலேயே நீடிக்க முயலும் என்று விளக்கினார். பஸ் திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்வது இதனால்தான். ஆகவே 'இனர்ஷியா' என்பதை அசையாமை என்று மொழிபெயர்ப்பது தவறு. நிலைமம் என்பதே சரி.

இதன் உறவுச் சொல் 'இனெர்ட்'. 1894-இல் கண்டறிந்த ஆர்கான் எதனுடனும் சேரவில்லை. எனவே சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். அதன் இன வாயுக்களை 'இனெர்ட்' வாயுக்கள் என்றனர். 1962-இல் நீல் பார்ட்லெட், அவற்றுள் ஒன்றான செனானைக் கொண்டு ஒரு சேர்மத்தை உண்டாக்கினார். அதன்பின் அந்தப் பெயர் பொருந்தவில்லை. 'நோபிள்' வாயுக்கள் என்பதே இன்று பெருவழக்கு.

எதுவரை அசையாது?

'டார்மன்ட்' என்றால் உறங்குவது, பிறகு விழிக்கக்கூடியது. அந்தமானில் உள்ள பேரன் தீவு எரிமலை 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து, 1991-இல் மீண்டும் வெடித்தது. இனி வெடிக்காது என்று கருதப்படும் எரிமலையை 'எக்ஸ்டிங்ட்' என்பார்கள். 'ஸ்டாக்னன்ட்' என்பது ஓடாமல் தேங்கிக் கெட்டுப்போன நீருக்கு வரும். தெளிந்த ஏரி நீரை அப்படிச் சொல்வது பொருந்தாது. அது 'ஸ்டில்' வாட்டர்.

இந்த 'ஸ்டில்' சற்று ஏமாற்றும் சொல். 'தி வாட்டர் இஸ் ஸ்டில்' என்றால் நீர் அசையவில்லை. 'தி வாட்டர் இஸ் ஸ்டில் ஹாட்' என்றால் நீர் இன்னும் சூடாக இருக்கிறது. வேதியியலில் காய்ச்சி வடிக்கும் கலத்துக்கும் 'ஸ்டில்' என்று பெயர். அது சொட்டுதல் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் மூலத்திலிருந்து வந்தது.

பயிற்சி

பின்வருவனவற்றுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

1. சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கும் பஸ்
2. கொசு முட்டையிடும் சாக்கடை நீர்
3. கோடையில் மண்ணில் கிடந்து, மழைக்குப்பின் முளைக்கும் விதை
4. சுவரில் சாய்த்த ஏணியை வழுக்காமல் காக்கும் உராய்வு
5. 'ஆடாமல் உட்கார்' என்று போட்டோ எடுப்பவர் சொல்வது

விடைகள்: 1. ஸ்டேஷனரி 2. ஸ்டாக்னன்ட் 3. டார்மன்ட் 4. ஸ்டேடிக் 5. ஸ்டில்