ஓடையை முதலில் வரை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்க ஊர் ஒன்றின் கட்டடங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், சிகாகோவையும் நியூயார்க்கையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நல்லதாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. நீ மேசன் சிட்டியை எடுத்துக்கொள்.

அயோவா மாநிலத்தின் வடக்கே, சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. மக்கள்தொகை சுமார் 27,000. தரைக்கடியில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கிடைத்ததால் செங்கல், ஓடு, சிமெண்ட் என்று தொழில்கள் வளர்ந்து, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்தது.

1908-இல் அவ்வூர் வழக்கறிஞர்கள் மார்க்லியும் பிளைத்தும் ஒரு வங்கி, ஒரு விடுதி, தங்கள் அலுவலகம் மூன்றையும் சேர்த்துக் கட்ட நினைத்தார்கள். மார்க்லியின் மகள்கள் விஸ்கான்சினில் ஒரு பள்ளியில் படித்தார்கள். அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் சித்திமார். அந்த வழியாகத்தான் ரைட் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வேலை பாதியில் இருக்கும்போதே, 1909-இல், அவர் ஐரோப்பாவுக்குப் போய்விட, மேற்பார்வையிட்டு முடித்தவர் அவருடைய உதவியாளர் வில்லியம் டிரம்மண்ட். 1910-இல் கட்டடம் திறக்கப்பட்டது.

அந்த வங்கியின் பழைய படத்தைத் தேடிப் பார். தெருவில் நிற்பவர் உயரத்துக்கு ஜன்னலே கிடையாது, வெறும் செங்கல் சுவர்தான். வெளிச்சமெல்லாம் தலைக்கு மேலே, உயரத்தில் வரிசையாக வைத்த ஜன்னல்கள் வழியே இறங்கும். "உன் பணம் இங்கே பத்திரம்" என்று விவசாயிக்குச் சொல்ல அந்தச் சுவரே போதும். ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் தானிய விலை சரிந்தது. நிலத்தின் மேல் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. வங்கியும் மூழ்கியது. 1926-இல் அந்தச் சுவரை உடைத்துக் கடைகளுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். பக்கத்து விடுதி 1972-இல் மூடப்பட்டது. பல வருடம் பாழடைந்து கிடந்ததை ஊர்க்காரர்கள் கூடிப் பணம் திரட்டிப் புதுப்பித்து, 2011-இல் 27 அறைகளுடன் மறுபடி விடுதியாகத் திறந்தார்கள். ரைட் வடிவமைத்த விடுதிகளில் இன்றும் நிற்பது இது ஒன்றுதான். உன் கட்டுரையில் 1926-ஐ விட்டுவிடாதே. உடைத்த சுவரும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான்.

ஆனால் நான் இந்த ஊரைச் சொன்னது இதற்காக இல்லை. விடுதியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வில்லோ கிரீக் ஓடை வரும். ஒரு கரை பழைய கல்குவாரியின் செங்குத்துப் பாறை, மறு கரை தாழ்ந்த புல்வெளி. குப்பை கொட்டிக் கிடந்த இடம். அங்கே குடியிருப்பு அமைக்க 1912-இல் வந்தவர்கள் வால்டர் பர்லி கிரிஃபினும் அவர் மனைவி மேரியன் மஹோனியும். இருவரும் முன்பு ரைட்டிடம் வேலை பார்த்தவர்கள். மேரியன் எம்.ஐ.டி.யில் 1894-இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். ரைட்டின் பேர்பெற்ற வரைபடங்கள் பல இவர் கையால் வந்தவை. நீ இவரைத் தனியாகவே படிக்க வேண்டும்.

மனை போட்டு விற்பவன் என்ன செய்வான்? ஓடையை நடுவில் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பான். கிரிஃபின் வீடுகளை ஓரமாக, வளைவாக நிறுத்தி, நடுவிலிருந்த பள்ளத்தையும் ஓடையையும் யாருக்கும் தனியாகக் கொடுக்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டார். எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் அந்த வெளி முழுவதும் தெரியும். மெல்சன் என்பவரின் வீடு குவாரிப் பாறையின் விளிம்பிலேயே, கொத்தாத சுண்ணாம்புக்கல்லில் எழுகிறது. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது. மேரியன் இந்தக் குடியிருப்பு முழுவதையும் பச்சை சாட்டின் துணியில் தீட்டியிருக்கிறார். அதில் வீடுகளைவிட மரங்களும் சரிவும்தான் முதலில் கண்ணில் படும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

அதே 1912-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கான போட்டியில் கிரிஃபின் வென்றார். 1914-இல் இருவரும் அங்கே போய்விட, மேசன் சிட்டி வேலையை பாரி பைர்ன் என்ற கட்டடக் கலைஞர் தொடர்ந்தார். திட்டமிட்ட வீடுகள் எல்லாம் எழவில்லை. ஆனாலும் அந்த நடுவெளி மட்டும் கலையாமல் நின்றது. கிரிஃபின் கடைசியில் நம் நாட்டுக்கு வேலைக்கு வந்து, 1937-இல் லக்னோவில் இறந்தார். அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நீ வரைபடம் போட உட்காரும்போது ஒன்று செய். வீடுகளில் தொடங்காதே. ஓடையை முதலில் வரை. பாறை விளிம்பை அடுத்துக் குறி. நடுவிலே தாளை வெள்ளையாகவே விடு. பிறகு ஒவ்வொரு வீடாக ஓரத்தில் வைத்துக்கொண்டே வா. எந்த இடத்தில் உன் பென்சில் உள்ளே நகரத் துடிக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா