கேட்பதற்கு முன் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் மக்களே ஓட்டுப்போட்டு பட்ஜெட்டைத் தீர்மானித்தார்களாமே, அதுபோல வரும் ஆண்டில் நம் ஊருக்கு என்னென்ன வேண்டும் என்று நாங்களும் ஒரு பட்டியல் எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். எடு, தாராளமாக. ஆனால் அந்தப் பிரேசில் நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். நீயும் அந்தப் பாதியையே பிடித்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

1989இல் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா அங்கே மேயரானார். வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். கஜானாவிலோ சம்பளம் போக மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. கேட்டது நடக்கவில்லை, அடுத்த ஆண்டு கூட்டம் மெலிந்தது. நீ போடப்போகிற வெறும் பட்டியல் அங்கே முதல் வருஷமே தோற்றுவிட்டது! சொத்துவரியைச் சீரமைத்து, 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு நகராட்சிகளுக்கு ஒதுக்கிய கூடுதல் வருவாயும் கைக்கு வந்த பிறகுதான் வேலைகள் நடந்தன, ஜனங்களும் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் எதைப் பேசினார்கள் என்பதுதான் முக்கியம். 1990களில் ஆண்டுதோறும் இரண்டு சுற்றுக் கூட்டங்கள் நடக்கும். முதல் சுற்று மார்ச், ஏப்ரல் மாதங்களில். அதில் முதல் வேலை புதுக் கோரிக்கை அல்ல. போன ஆண்டுக் கணக்கு. எந்தத் தெருவில் எந்த வேலையை ஏற்றுக்கொண்டோம் என்று நகராட்சி ஒரு சிறு புத்தகமாகவே அச்சிட்டு விநியோகித்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெரு வேலை எங்கே என்று மேயரையே நிற்கவைத்துக் கேட்பார்கள். அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைகள் அதற்கப்புறம்தான். ஓட்டு மட்டும் போதாது: பகுதியின் மக்கள்தொகை, அங்கே அந்த வசதி எவ்வளவு குறைவு, அப்பகுதியினர் அதற்குக் கொடுத்த முன்னுரிமை ஆகிய மூன்றையும் மதிப்பெண்ணாக்கித்தான் பணத்தைப் பங்கிட்டார்கள். சத்தம் போட்டவனுக்கெல்லாம் கிடைத்துவிடவில்லை.

இங்கே எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று, பொறுத்துக்கொள். 1990களின் நடுவில் மக்கள் முதலிடம் கொடுத்தது பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அல்ல, தெருவுக்குத் தளம் போடுவதற்கு. படித்தவர்களுக்கு இது ஏமாற்றம். மேட்டுப் பகுதியில் வாழ்கிறவளுக்கு அப்படியல்ல. மண்சாலையில் பேருந்து ஏறாது, குப்பை லாரி வராது, ஆம்புலன்ஸ் வராது. மழைநாளில் முழங்கால் சேற்றோடுதான் வேலைக்குப் போகவேண்டும். ஒரு தெருவுக்குத் தளம் கேட்டபோது அவள் நான்கைந்து சேவைகளைச் சேர்த்துக் கேட்டாள். ரெபெக்கா ஏபர்ஸின் நூல் 2000இல் வந்தது. அதைப் படித்த பிறகு, கூட்டங்களில் ஜனங்கள் சில்லறை விஷயமாகக் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்வதை நான் விட்டேன். நீயும் விட்டுவிடு. பட்டியலுக்கு மாதிரியாக 'சுகாதாரமான நகரம்', 'பசுமையான எதிர்காலம்' என்று எழுதியிருக்கிறாயே, அதை வைத்து அடுத்த ஜனவரியில் யாரிடம் என்ன கேட்பாய்? 'இன்ன தெருமுனையிலிருந்து இன்ன பள்ளிவரை மழைநீர் வடிகால்' என்று எழுது. நடந்ததா இல்லையா என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. 1989இல் 46 விழுக்காடு வீடுகளுக்கு இருந்த கழிவுநீர் இணைப்பு 1996இல் 85 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அதே 1996இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐ.நா. மாநாடு இந்த முறையை முன்மாதிரி என்று பாராட்டியது. உலகெங்கும் நகரங்கள் காப்பியடித்தன. பெரும்பாலும் கேட்கும் பாதியை மட்டும்!

நீ இன்னொன்றும் கேட்பாய் என்று தெரியும்: அவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் நிலைக்கவில்லை? ஏற்றுக்கொண்டும் செய்யாத வேலைகள் ஆண்டுக்காண்டு சேர்ந்தன, ஆட்சி மாறியது, 2017இல் அந்தச் சுற்றையே நிறுத்திவைத்தார்கள். ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. கணக்குக் கேட்ட அந்த மக்களும் ஒரு வகைக் கணக்கைக் கேட்கவில்லை. அந்த ஊர் குவாயிபா நீர்ப்பரப்பின் கரையில் இருக்கிறது. 1941இல் அது 4.76 மீட்டர் உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. பிறகு கரை, மதில், வெள்ளக் கதவு, நீரேற்று நிலையம் எல்லாம் கட்டினார்கள். 2024 மே மாதத்தில் தண்ணீர் 5 மீட்டரைத் தாண்டியபோது கதவுகள் ஒழுகின, நீரேற்று நிலையங்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. பராமரிப்பில்லாததே காரணம் என்று பொறியாளர்கள் அடித்துச் சொன்னார்கள். புதுத் தெருவுக்குக் கைதூக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஏற்கெனவே இருக்கிற பம்புக்கு எண்ணெய் போடு என்று கைதூக்கியவரைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே பட்டியலை மூன்று பத்தியாகப் பிரி. போன ஆண்டு சொன்னதில் நடந்தது, நடக்காதது, நடக்காததன் காரணம் முதல் பத்தி. இருப்பவற்றில் எதைப் பழுது பார்க்கவேண்டும், அது யார் பொறுப்பு என்பது இரண்டாவது. புது ஆசைகள் கடைசி; அவையும் எந்த வருவாயிலிருந்து என்ற குறிப்போடு. நீளம் குறைந்துவிடும், படிக்கச் சுவையும் இருக்காது. உன் நண்பர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டாம் பத்தியை விட்டுவிடலாம் என்று அவர்கள் சொன்னால் மட்டும் இணங்காதே. பழுது பார்க்கச் சொல்லி ஊரில் யாரும் கேட்கவில்லை என்பது அதை விட்டுவிடக் காரணமாகாது. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் அதை நீ எழுதவேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் ஆசிரியர்