அடுத்த தேதியை எழுதி வைத்தீர்களா?



தையல் மெஷின் சர்வீஸ், மிக்சி ரிப்பேர் என்று வீடு தேடிப் போய்ச் செய்யும் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. வேலையை நல்லா முடிச்சுட்டு வந்துடறோம். ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டம்மா நம்மை மறந்துட்டு வேற ஆளைக் கூப்பிடறாங்க. ஆனால் கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நிற்கும். இதற்கு என்ன வழி?

பியானோ சொல்லும் வழி

சினிமாவில் பியானோ பார்த்திருப்பீர்கள். அதில் 88 கட்டைகள், உள்ளே சுமார் 230 கம்பிகள். ஈரக் காற்று பட்டால் உள்ளே இருக்கும் மரப்பலகை உப்பும், சுருதி விலகும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்கச் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு அது ஞாபகம் இருக்காது. சுருதி சேர்ப்பவர்தான் ஞாபகப்படுத்தணும். அவர்களுக்கென்றே வெளிநாட்டில் 'கெசல்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. யார் வீட்டில் என்ன பியானோ, கடைசியாக என்ன வேலை செய்தோம் என்பதை அது வைத்துக்கொள்ளும். அடுத்த தேதி நெருங்கியதும் வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி அனுப்பும். பில்லும் போடும்.

நாம் செய்ய வேண்டியது

இதே வேலையை ஒரு நோட்டும் செல்போனும் செய்யும்.

1. பெயர், வீட்டு எண், போன் நம்பர். அணுபுரம் குடியிருப்பில் வீடு மாறினால் உடனே திருத்துங்கள்.
2. என்ன மெஷின், என்ன பழுது, மாற்றிய பாகம்.
3. வாங்கிய பணம், பாகத்துக்கான செலவு, பஸ் செலவு, பாக்கி.
4. அடுத்த சர்வீஸ் தேதி. இதைப் போன் காலண்டரிலும் போட்டு, மணி அடிக்க வையுங்கள்.
5. தேதிக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி: "அம்மா, உங்க மெஷினுக்கு எண்ணெய் போட்டு ஆறு மாசம் ஆச்சு. எப்போ வரட்டும்?"

கணக்கைப் பாருங்கள். 60 வீடு, வருடத்துக்கு இரண்டு முறை என்றால் 120 வேலை. அதாவது மாதம் 10. கூலி 300 ரூபாய் என்று வைத்தால், செலவு போவதற்கு முன் மாதம் 3,000 ரூபாய். தவணைக்கு ஒரு பிடிமானம்.

கவனம்! போன் தண்ணீரில் விழலாம், நோட்டை விடாதீர்கள். வாடிக்கையாளரின் நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:
- போன வருடம் வேலை கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கூப்பிட்டார்கள்?
- எழுதத் தெரியாத உறுப்பினருக்கு யார் நோட்டு எழுதிக் கொடுப்பது?